மிதிபடாத புல்

“புல்லுக்கு முகம்னு ஒண்ணு இருந்தா போட்டோ காட்டி விசாரிக்கலாம் மேடம். ‘காணவில்லை. நிறம் பச்சை, ஒல்லியான தேகம், மழை வந்தா தலைநிமிர்ந்து நிக்கும்’னு போஸ்டர் அடிச்சு ஒட்டலாம்.”

“முடிஞ்சுதா?”

“எங்க முடிஞ்சுது? நேத்து அந்த ஹோட்டல்காரர் காட்டினது பிளாஸ்டிக் புல்லு. அதைப் போய்க் குனிஞ்சு அவ்வளவு நேரம் தடவிப் பார்த்தீங்களே, அந்தக் கதையை நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.”

“பிளாஸ்டிக்னு பார்த்ததுமே தெரியும். அவர் வாயால எப்போ சொல்றாருன்னு காத்துட்டு இருந்தேன்.”

“கொஞ்சம் ஜன்னலை இறக்கறீங்களாப்பா? இவருக்கு அடைச்சு வெச்சா ஆகாது.”

கடைசியாகப் பேசிய குரல் காரின் பின் சீட்டிலிருந்து வந்தது. முன் சீட்டில் போஸ்டர் பேச்சு பேசிக்கொண்டிருந்த, மைக் என்ற பட்டப்பெயர் கொண்டவன் கண்ணாடியை இறக்கினான். பின் சீட்டில் அந்த அம்மா மட்டும்தான் இருந்தார். ‘இவர்’ என்பது அவர் மடியில் துணிப்பைக்குள் இருந்த மூடி போட்ட எவர்சில்வர் டப்பா. அதற்குள் அவருடைய கணவர், சாம்பலாக.

அந்த அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எக்ஸ்சேஞ்ச் அம்மா என்றால்தான் தெருவில் வீடு காட்டுவார்கள். அவர் குரலில் ஏற்ற இறக்கமே கிடையாது. பிறந்த செய்தியும் இறந்த செய்தியும் ஒரே கம்பி வழியாகப் போவதைக் கேட்டுக் கேட்டு அப்படி ஆகிவிட்டதோ என்று மைக் நினைத்துக்கொள்வான். போன மாதம் கணவர் கண்ணை மூடினார். மூடுவதற்கு முன் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “என்னைப் பையன்கிட்ட கொண்டு போய் விட்டுடு.”

பையன் இருந்த இடம்தான் இப்போது இல்லை.

பையன் நீலச்சட்டைக் கால்பந்துக் கழகத்தின் கோல்கீப்பர். சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. வடக்கு கோலின் முன்னால், அவன் வழக்கமாக நிற்கும் இடத்திலேயே அவனுடைய சாம்பலை வைக்கக் கழகம் சம்மதித்தது. மைதானக்காரர் புல்லை ஒரு பாய் போலப் பெயர்த்துத் தூக்கிப் பிடித்தார். அப்பாவும் அம்மாவும் அடியில் தூவினார்கள். புல்லை மறுபடி மூடி, மைதானக்காரர் காலால் மெல்ல மிதித்துச் சமன் செய்தார். அதன்பின் அப்பா ஒரு ஆட்டம் விடாமல் போய் அந்த கோலுக்குப் பின்னாலேயே நின்றார். பந்து எந்தப் பக்கம் போனாலும் அவர் பார்வை புல்லில்தான். அம்மா ஒரு நாளும் போகவில்லை.

பிறகு கழகமே போய்விட்டது.

ரயில் பட்டறைக்காரர்கள் சாப்பாட்டு இடைவேளையில் தொடங்கிய கழகம் அது. கிரீஸ் கறை தெரியக்கூடாது என்று நீலத்தில் சட்டை தைத்துக்கொண்டார்கள். பட்டறை வேலையை விட்டுவிட்டுப் பந்தையே பிழைப்பாக எடுத்துக்கொண்ட தலைமுறை ஒரே ஒரு தடவை கோப்பையைக் கொண்டுவந்தது. அன்று ஊர் முழுக்க யாரும் யாரையும் திட்டவில்லை. பின்னால் வந்த முதலாளி டயர் வியாபாரி. கழகத்தையும் அவர் ஒரு பழைய வண்டியாகத்தான் பார்த்தார். ஓடுகிற பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி விற்றார். முதலில் கோல் போடுகிறவன் போனான், அப்புறம் அவனுக்குப் பந்து தருகிறவன், கடைசியில் பயிற்சியாளர். அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கி அங்கேயும் தரை தட்டியது. ஒரு ஆட்டப் பருவம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கேட்டில் பூட்டு. நாற்காலி, வலை, விளக்குக் கம்பம், ஸ்கோர் போர்டு எல்லாம் ஏலத்தில் போயின. மிச்சமிருந்த புல்லையும் மண்ணோடு செங்கல் கனத்துக்கு வெட்டிப் பாளம் பாளமாக விற்றார்கள். இப்போது அந்த இடத்தில் குளிர்பதனக் கிடங்கு நிற்கிறது.

ஏலத்தில் போன இன்னொரு பொருள் மைதானத்து ஒலிபெருக்கியின் மைக். அதைப் பிடித்துக்கொண்டு கோல் போட்டவர் பெயரையும் தொலைந்த குழந்தைகளின் பெயரையும் ஒரே உற்சாகத்தோடு அறிவித்தவன்தான் இவன். கருவி போனது, பட்டப்பெயர் தங்கிவிட்டது. வாயும்தான். அந்த வாய்க்கு வேலை கொடுத்தவர் சர்வேயர் மேடம். முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கிடங்குகளிலும் கவிழ்ந்த லாரிகளிலும் ஏறி இறங்கி, ‘இது தானா நடந்தது இல்ல’ என்று சொல்லியே பெயர் வாங்கியவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். அதிகம் பேசமாட்டார். மைக் பேசுவதே இருவருக்கும் போதும்.

“இறங்கு” என்றார் அவர். “உள்ள போனதும் சாம்பல்னு வாயெடுக்காதே. புல்லு வாங்கின பள்ளிக்கூடத்துல சொல்லித்தான் நம்மளை வாசலோட அனுப்பிட்டாங்க. நாம கழகத்தோட வரலாறு எழுதறோம். அம்மா உனக்கு அத்தை.”

“சொந்த அத்தையே என்னை வீட்டுக்குள்ள சேர்க்கறதில்ல மேடம்.”

“எனக்கும் அந்த யோசனைதான்” என்றார் எக்ஸ்சேஞ்ச் அம்மா, அதே குரலில்.

*

முன்பக்கம் கிளினிக், பின்பக்கம் வீடு, வீட்டுக்கும் பின்னால் அந்தப் புல்வெளி. நடுவே வலை கட்டிய சின்ன கோல் கம்பம். அதன் முன்னால் ஒரு அறையின் அகலத்துக்கு முழங்கால் உயர வேலி போட்டு, உள்ளே புல். வடக்கு கோலின் முன்னால் இருந்த அதே புல். ஏலத்தில் எல்லாரையும் முந்திக்கொண்டு அதை எடுத்தவர் இந்த வீட்டுப் பல் டாக்டர்.

“செருப்பு, செருப்பு!” என்று ஓடி வந்தார் டாக்டர். “வேலிக்குள்ள வரதுன்னா கழட்டிட்டு வாங்க. எப்பேர்ப்பட்ட கால் எல்லாம் பட்ட இடம் தெரியுமா?”

“என் சமையலறையில ஒரு நாள் கழட்டினதில்ல இவரு” என்றார் பின்னாலேயே வந்த அவர் மனைவி. “இதுக்குள்ள போகணும்னா காலைக் கழுவிட்டுப் போவாரு. என் முகத்தைக்கூட இவ்வளவு கிட்ட உட்கார்ந்து பார்த்ததில்ல.”

“உன் முகத்துல புல்லு முளைக்கட்டும், பார்க்கறேன்.”

“கேட்டுக்கிட்டீங்களா அத்தை?” என்று எக்ஸ்சேஞ்ச் அம்மாவிடம் திரும்பிய டாக்டரின் மனைவி, துணிப்பையைப் பார்த்தார். “சாப்பாடு கையோட கொண்டு வந்துட்டீங்களா? குடுங்க, சூடு பண்ணித் தரேன்.”

“வேணாம்மா. பண்ணியாச்சு.”

மைக்குக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்திருக்க வேண்டும். சிரிப்பு இல்லையென்றால் அழுகையாவது. இரண்டும் வரவில்லை. வாசலில் யாரோ மணியடித்தும் எழுந்து போகாத வீடு மாதிரி இருந்தது அவனுக்குள். வேலியருகே நின்று, தன் வாழ்க்கையின் பாதியை எந்தப் புல்லைப் பார்த்துக் கத்திக் கழித்தானோ அந்தப் புல்லைப் பார்த்தான். ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தான். கால் மரத்துப்போனால் உதறலாம். இது உதற முடியாத இடத்தில் மரத்திருந்தது.

“காய்ச்சல்ல போனானே ஒரு பையன், கோல்கீப்பர்” என்று தொடங்கினார் டாக்டர், வழிகாட்டியின் உற்சாகத்தோடு. “அவன் நின்ன இடம் சார் இது. தங்கமான பையன். ஒரு குறைதான். கோலை விட்டு வெளிய வரவே மாட்டான். பந்து நாலடி தள்ளி விழுந்தாலும் கம்பத்தைக் கட்டிப் பிடிச்சுட்டு நிப்பான். கேலரியில நாங்க கத்துவோம், ‘வெளிய வாடா, மழையா பெய்யுது’ன்னு.”

எக்ஸ்சேஞ்ச் அம்மா பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். அவ்வளவுதான்.

சர்வேயர் மேடம் புல்லைப் பார்க்கவே இல்லை. பின்கட்டுச் சுவரில் மாட்டியிருந்த பெரிய போட்டோவின் முன்னால் நின்றிருந்தார்.

“இது எப்போ எடுத்தது டாக்டர்?”

“கடைசி ஆட்டம்! நானே எடுத்தேன். வடக்கு கோலுக்குப் பின்னாலேர்ந்து. அன்னிக்கு அதுதான் கடைசின்னு யாருக்கும் தெரியாது.”

“புல்லு லாரியில வந்து இறங்கினப்போ எப்படி இருந்துச்சு?”

“பச்சைப் பசேல்னு. மேஜை விரிப்பு மாதிரி. ஒரு ஓட்டை, ஒரு சொட்டை கிடையாது. மத்தவங்க வாங்கினதெல்லாம் பார்த்தேனே, அம்மைத் தழும்பு மாதிரி. என்னுதுதான் ராஜா.”

“ஆட்டத்துக்கும் ஏலத்துக்கும் நடுவுல ரொம்ப நாள் ஆச்சா?”

“எங்க? முதலாளிக்குத்தான் அவசரமாச்சே. ஒரு மாசம், மிஞ்சிப் போனா கொஞ்சம் கூட.”

மேடம் போட்டோவிலிருந்து கண்ணை எடுக்காமல், “மைக்கு, இங்க வா. இந்தப் படத்தை வர்ணனை பண்ணு” என்றார்.

“எதுக்கு மேடம்?”

“பண்ணேன். கண்ணு தெரியாதவங்க கேக்கறாங்கன்னு வெச்சுக்கோ.”

மைக் தொண்டையைச் செருமிக்கொண்டான். பழைய குரல் பெட்டிக்குள் மடித்து வைத்த சட்டை போலக் கசங்காமல் வெளியே வந்தது. “அன்பார்ந்த ரசிகர்களே! வடக்கு கோலில் நமது புதிய கோல்கீப்பர். முழங்கால் வரை சேறு. சட்டை என்ன நிறம் என்று அவருடைய அம்மாவுக்கே தெரியாது. காலடியிலும் சேறு. கோலுக்கு முன்னால் புல் என்ற பேச்சுக்கே இடமில்லை, நம்ம முதலாளியின் தலை போல வழவழவென்று...”

நிறுத்தினான்.

“சொல்லு” என்றார் மேடம்.

“புல்லே இல்ல.”

“ஒரு மாசத்துல சேறு மேஜை விரிப்பா மாறுமா?”

“மாறாது. அப்போ ஏலக்காரன் டாக்டர் தலையில மிளகாய் அரைச்சுட்டான். வேற எங்கேயோ வெட்டின புல்லை கோல் புல்லுன்னு...”

“ஏலக்காரர் பொய் சொல்லல. கோல் முன்னாடி இருந்ததைத்தான் வெட்டிக் குடுத்திருக்காரு. அங்க பச்சைப் புல்லு எப்படி வந்துச்சுன்னு நீதான் சொல்லணும். நீதான் அங்க இருந்தவன்.”

மைக் சுவரைப் பார்த்தான். யோசிக்க எதுவுமில்லை, வருஷா வருஷம் பார்த்ததுதான். பார்த்துப் பார்த்துப் பார்க்காமல் போனது. “கோல்கீப்பர் நின்னு நின்னு அந்த இடம் மொட்டையாயிடும் மேடம். பருவம் முடிஞ்சதும் மைதானக்காரர் அங்க இருக்கற மண்ணை மேலாக மொத்தமா வாரிடுவாரு. ஸ்கோர் போர்டுக்குப் பின்னால தனியா ஒரு பாத்தியில புல்லு வளர்த்தாரு. அதை வெட்டிட்டு வந்து புதுசாப் பதிப்பாரு. அடுத்த பருவத்துக்கு.”

“அந்த வருஷமும் பதிச்சிருக்காரு.”

“அடுத்த பருவமே இல்லையே.”

“அதை அவர்கிட்ட யாராவது சொன்னாங்களா?”

மைக்கிடமும் யாரும் சொல்லவில்லை. கேட்டில் பூட்டைப் பார்த்துத்தான் அவனே தெரிந்துகொண்டான். வராத ஆட்டக்காரர்களுக்காக அந்த மனிதர் முழங்காலிட்டுப் புல் பதித்துத் தண்ணீர் தெளிப்பதை நினைத்துப் பார்த்தான். படம் தெளிவாக வந்தது. படம் மட்டும் வந்தது.

டாக்டரின் முகம் மெல்ல மாறிக்கொண்டிருந்தது. “அப்போ என் புல்லு?”

“கோல் முன்னாடி இருந்ததுதான் டாக்டர்” என்றார் மேடம். “ஆனா இது மேல ஒரு ஆட்டம்கூட நடக்கல. யார் காலும் பட்டதில்ல.”

“கட்டி முடிச்சும் யார் வாயிலயும் மாட்டாத பல் செட்டுன்னு வெச்சுக்குங்க டாக்டர்” என்றான் மைக். உதவியாகத்தான் சொன்னான்.

டாக்டர் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபடி உள்ளே போய்விட்டார். “என்னங்க, என்னங்க” என்று மனைவியும் பின்னாலேயே போனார்.

*

மூவரும் வெளியே நின்றார்கள். வேலிக்குள் இருந்த புல் வெயிலில் பளபளத்தது.

“அப்போ பையன் இதுல இல்ல” என்றார் எக்ஸ்சேஞ்ச் அம்மா.

“இதுல இல்லம்மா.”

“அவங்க அப்பா பார்த்துட்டு நின்னாரே, அப்பவும் இல்ல.”

“முதல் வருஷக் கடைசியிலேயே வாரியிருப்பாரு” என்றார் மேடம். “மைக்கு, வாரின மண்ணை எங்க போடுவாரு?”

“என் கேபினுக்கு அடியில. கேலரிக்குக் கீழ ஒரு குவியல் இருக்கும். மணலும் விதையும் கலந்து வெச்சிருப்பாரு. காத்தடிச்சா எனக்குத் தும்மல் வந்துட்டே...” குரல் தானாக இறங்கியது. “மைக்ல தும்மி இருக்கேன் மேடம். ரெண்டு மூணு தடவை.”

“குவியலை என்ன பண்ணுவாரு?”

“வாளியில அள்ளுவாரு. இடைவேளையில எல்லாரும் டீ குடிக்கப் போவாங்க, அவர் மட்டும் வாளியோட மைதானம் முழுக்க நடப்பாரு. ஆட்டக்காரங்க பூட்ஸ் பெயர்த்த குழி ஒவ்வொண்ணுலயும் ஒரு பிடி போட்டு மிதிப்பாரு. ‘பன்னிரண்டாவது ஆட்டக்காரர் வாளியுடன் களமிறங்குகிறார்’னு நான் அறிவிப்பேன். கேலரி கை தட்டும். அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாரு...”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவன் காதில் விழுந்தது. ஒரு பிடி, ஒரு பிடியாக. ஆட்டத்துக்கு ஆட்டம். இந்த கோலிலிருந்து அந்த கோல் வரை. அதற்குத்தான் அவன் கை தட்ட வைத்திருக்கிறான்.

எக்ஸ்சேஞ்ச் அம்மா இணைப்புக்குக் காத்திருப்பவர் போலத் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

“மைதானக்காரருக்குத் தெரியுமா?”

“அவர் இப்போ உயிரோட இல்லம்மா” என்றார் மேடம். “தெரிஞ்சு செஞ்சாரா, வழக்கமா செய்யறதைச் செஞ்சாரான்னு என்னால கண்டுபிடிக்க முடியாது. என்கிட்ட கேக்காதீங்க.”

“வீட்டுலயும் அப்படித்தான் இருப்பான். நிலைப்படியைப் பிடிச்சுட்டே பேசுவான். உள்ள வந்து உட்காருடான்னா உட்காரமாட்டான். வெளிய போடான்னா போகமாட்டான்.” கொஞ்சம் நிறுத்தினார். “அவங்க அப்பா ஒரே இடத்தைப் பார்த்துட்டு நின்னிருக்காரு. இவன் அந்தப் பக்கம் முழுக்கச் சுத்திட்டு இருந்திருக்கான்.”

அதைச் சொன்னபோது அவர் குரலில் ஏதோ இருந்தது போலிருந்தது. மைக் கூர்ந்து கேட்டான். இருந்ததா என்று உறுதியாகத் தெரியவில்லை.

மேடம் அதற்குள் வேலியைத் தாண்டிச் சுவரோரமாக நடந்திருந்தார். அங்கே இன்னும் சில பாளங்கள் பதித்திருந்தன. யாரும் வெட்டாமல் விட்ட புல். இங்கே ஒரு திட்டு, அங்கே ஒரு திட்டாக வேறு வேறு உயரத்தில், வேறு வேறு பச்சையில். அதன் மேலேயே செங்கல் அடுக்கியிருந்தார்கள். நாலு முளைக்குச்சி அடித்து, கொத்தனார் கட்டும் நூல் கயிறு இழுத்திருந்தது.

“அது கொசுறா வந்ததுங்க” என்றார் பின்வாசலுக்குத் திரும்பியிருந்த டாக்டரின் மனைவி. “நடு மைதானத்துப் புல்லாம். இவருக்கு அது ஆகவே ஆகாது. கார் ஷெட் போடறோம். நாளைக்குக் கொத்தனார் வராரு.”

மேடம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு திட்டை விரலால் விலக்கினார். சுற்றிலும் இருந்த மண் வேறு, திட்டுக்கு அடியில் இருந்த மண் வேறு. ஒரு பிடி அளவுக்குக் கறுப்பாக, மணல் கலந்து, பழைய குழியின் வடிவத்திலேயே இறுகிக் கிடந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் அந்தப் பக்கம் இன்னொன்று.

“இங்க இருக்கானா?” என்றார் எக்ஸ்சேஞ்ச் அம்மா.

“இருக்கான்னு என்னால சத்தியம் பண்ண முடியாதும்மா. இந்தப் புல்லு எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கு. எல்லா இடத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம். ஆனா இல்லன்னு சொல்ல முடியாத இடம், நான் பார்த்த வரைக்கும், இது.”

“போதும்” என்றார் அந்த அம்மா.

டாக்டர் வெளியே வந்தார். கையில் போட்டோ இல்லை. கண்கள் சிவந்திருந்தன. “கிளம்புங்க” என்றார். “வரலாறு எழுதறேன்னு வந்துட்டு, இருந்த ஒண்ணையும் பிடுங்கிட்டீங்க. நான் யார்கிட்டல்லாம் பெருமை பேசியிருக்கேன் தெரியுமா? பேரனை இது மேல உட்கார வெச்சு போட்டோ எடுத்தேன். கிளம்புங்க, கேட்டைச் சாத்தணும்.”

மேடம் எழுந்து கையைத் தட்டிவிட்டுக்கொண்டார். மைக் ஏதாவது சொல்லி நிலைமையைச் சமாளிக்க வேண்டும். அதுதான் அவன் வேலை. வாயில் ஒரு வார்த்தையும் இல்லை.

எக்ஸ்சேஞ்ச் அம்மா கிளம்பவில்லை. கயிற்றுக்கு உள்ளே, திட்டுத்திட்டான புல்லின் மேல் நின்றிருந்தார். செருப்பு எப்போது கழன்றதென்று யாரும் பார்க்கவில்லை.

“டாக்டர், நான் இந்தப் பையனோட அத்தை இல்ல” என்றார். “நீங்க சொன்னீங்களே, கம்பத்தைக் கட்டிப் பிடிச்சுட்டு நின்னவன், அவன் அம்மா.”

டாக்டரின் கை கேட்டின் தாழ்ப்பாளில் இருந்தது. அங்கேயே நின்றது.

அந்த அம்மா துணிப்பையிலிருந்து டப்பாவை எடுத்து, செங்கல் அடுக்கின் மேல் பத்திரமாக வைத்தார். “இது அவன் அப்பா” என்றார், ஒருவரை இன்னொருவருக்கு அறிமுகம் செய்யும் குரலில்.

டாக்டரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். கிளினிக்கில் காத்திருந்த யாரோ இருமினார்கள். அந்த அம்மா குனிந்து, முளைக்குச்சிகளுக்கு நடுவே விறைப்பாக ஓடிய கயிற்றை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். அது லேசாக அதிர்ந்து அடங்கியது.

“ஷெட்டு போடுங்க, வேணாம்னு சொல்லல. இந்தக் கயித்தை மட்டும் ஒரு ரெண்டு அடி அந்தப் பக்கமா தள்ளிக் கட்டிக்க முடியுமா டாக்டர்?”